பாலிஹவுரா மலைப்பாதை: ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அயர்லாந்தில் லிமெரிக், கார்க் மாவட்டங்களின் எல்லையிலுள்ள பாலிஹவுரா மலைக்காட்டுக்கு அடுத்த மாதம் மகளுடன் சைக்கிள் ஓட்டப் போகிறேன். அவளுக்கு வயது 14. டப்ளின் பக்கத்து டிக்நாக் மலையில் நன்றாகவே ஓட்டுகிறாள்.

அங்குள்ள 6 கி.மீ. கிரீன்வுட் சுற்றுப்பாதையோடு நிறுத்த அவளுக்கு மனமில்லை. மவுன்ட்ரசல் சுற்றையும் கேட்கிறாள். 50 கி.மீ.யைத் தாண்டும் காசில்பூக் சுற்று இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

என் கவலையெல்லாம் அங்குள்ள குறுகலான மரப்பலகைப் பாதைதான். வழுக்காமலிருக்கப் பலகை மேல் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். ஆனாலும் அயர்லாந்து மழையில் நனைந்து, பைன் ஊசியிலைகள் அப்பிக் கிடக்கும்போது வளைவில் முன்சக்கரம் பிடித்து நிற்குமா? டயரில் காற்றை எவ்வளவு குறைப்பீர்கள்? முழங்கால் கவசம் அவசியமா? சமீபத்தில் போய் வந்தவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.