மழையே இல்லாமல் டென்ட் தரை நனைகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். பென்சில்வேனியாவில் ரிக்கெட்ஸ் க்ளென் ஸ்டேட் பார்க் கேம்ப்கிரவுண்டில், ஜீன் ஏரிப் பக்கம் தங்கியிருக்கிறோம். நான், மனைவி, 4 வயது மகள். இரண்டு ராத்திரியும் விடிகாலையில் டென்ட்டுக்குள் ஒரே ஈரம். இன்று மகளின் போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. பிள்ளை இருமத் தொடங்கிவிட்டாள், அதுதான் பயமாக இருக்கிறது.

டென்ட் 6 பேர் படுக்கிற டூம் வகை, வாங்கி 3 வருஷம். முதல் ராத்திரி லேசான தூறல். நேற்று ஒரு சொட்டு மழையில்லை, ஆனாலும் இதே கதை. கூரையின் உள்பக்கம் தடவினால் கை நனைகிறது. மெத்தையைத் தூக்கினால் அடியில் முத்து முத்தாக நீர், அங்கேதான் ஈரம் அதிகம்.

தையல் ஓரமெல்லாம் நீர் புகாமல் அடைக்கிற சீலர் தடவியாயிற்று. மேல்விரிப்பை இழுத்துக் கட்டினேன். நேற்று டென்ட்டையே மேட்டுக்கு மாற்றினேன். அடியில் தார்ப்பாய் இருக்கிறது, டென்ட்டைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு. குளிருக்காக ஜன்னல்களை முழுக்க மூடித்தான் படுக்கிறோம்.

இன்னும் இரண்டு ராத்திரி இருக்கிறது. அருவிகள் வழியே போகிற ஃபால்ஸ் ட்ரெயில் நடைபாதை முழுச் சுற்று 7.2 மைல், பிள்ளையோடு நடக்காது. 94 அடி கனோகா அருவியையாவது அவளுக்குக் காட்டிவிட வேண்டும். பாதியில் கிளம்ப மனசில்லை.

இது எங்கள் மூச்சு குளிர்ந்து படிகிற ஈரமா, தரைவழி ஏறுகிற தண்ணீரா?