மறு: மாறகலம், மாறாவகலம் – எதை இடுவது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

முனையச் செயலியின் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் செயலி) அமைப்புகள் பக்கத்தைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர வேண்டும். திரையில் தோன்றும் மற்ற சொற்கள் எல்லாம் ஆகிவிட்டன. எழுத்துருத் தேர்வில் இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன: எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துரு ஒன்று (ஆங்கிலத்தில் மோனோஸ்பேஸ்), எழுத்துக்கு எழுத்து அகலம் வேறுபடுவது மற்றொன்று (ஆங்கிலத்தில் புரொபோர்ஷனல்).

> மாறாவகலம், மாறகலம். இலக்கணப்படி இரண்டும் சுத்தம்.

இலக்கணத்தில் எனக்கும் மறுப்பில்லை. முன்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பின்னது வினைத்தொகை. ஆனால் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வரும். அவசரமாகப் படிப்பவருக்கு நடுவில் உள்ள நெடிலும் வகரமும் கண்ணில் படாது. நேரெதிர்ப் பொருள் தரும் சொற்கள் இவ்வளவு ஒத்திருக்கக் கூடாது. முதலாவதற்கு ‘நிலையகலம்’ என்பேன்.

> மாத்திரையை வைத்துச் சொல் ஆக்கலாமே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற அளவு நம்மிடம் ஏற்கெனவே உண்டு.

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கெ’ ஒரு மாத்திரை, ‘கீ’ இரண்டு மாத்திரை. திரையில் அகலமானது ‘கெ’தான். ‘க்’ அரை மாத்திரை, ஆனால் ‘க’வுக்கு வேண்டிய இடம் அதற்கும் வேண்டும். ஒலியின் அளவு வேறு, உருவின் அளவு வேறு. (சங்கப் பாடல்களில் அகலம் என்றால் மார்பு என்ற பொருளும் உண்டு என்பது சரிதான். அதைத் தனி இழையில் பேசுவோம், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.)

> ஒற்றையகலம் எளிது.

எளிது, ஆனால் தமிழுக்குப் பொருந்தாது. முனையம் திரையை ஒரே அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து எழுத்துகளை அவற்றில் வைக்கிறது. ஆங்கிலத்தில் ஐ எழுத்தும் டபிள்யூ எழுத்தும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். நம் ‘ர’ ஒரு கட்டத்தில் நிற்கும். மூன்று உருக்கள் சேர்ந்த ‘ணௌ’வை அதே கட்டத்தில் அமுக்கினால் படிக்கவே முடியாது. அதற்கு இரண்டு மூன்று கட்டங்கள் தந்தே ஆக வேண்டும். அப்புறம், உயிர்க்குறிக்கு முனையம் எண்ணும் கட்டங்களும் எழுத்துரு வரையும் கட்டங்களும் ஒத்துவராவிட்டால் நெடுவரிசைகள் கலைந்துவிடும். தமிழில் நிலையாக இருப்பது கட்டத்தின் அகலம். எழுத்து அதன் மடங்காக வரலாம். ‘நிலையகலம்’ இதற்கு இடம் கொடுக்கிறது, ‘ஒற்றை’ கொடுக்கவில்லை.

> மாணவர்கள் மோனோஸ்பேஸ் என்றே சொல்கிறார்கள். புரிந்தால் போதாதா?

வகுப்பில் சொல்லட்டும், தடையில்லை. ஆனால் அது ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் புரிகிறது. நிலையகலம் என்பதை முதல்முறை பார்ப்பவரும் ஊகித்துவிடுவார். திரையில் எழுதுவது அவருக்காகவும்தானே.

> மற்றதற்கு விகிதசமம். பாடநூல் சொல்.

கணக்குப் பாடத்தின் சொல் அது: ஒன்று இருமடங்கானால் மற்றதும் இருமடங்காகும். இங்கே எதற்கு எது விகிதம்? எழுத்து தன் உருவுக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ‘இயல்பகலம்’ அதை நேராகச் சொல்கிறது.

சரி, இதுவரை வந்த மடல்களில் நிலையகலத்துக்கு ஐவர். இரண்டாவது சொல்லுக்கு விகிதசமம் மூவர், இயல்பகலம் என்னோடு சேர்த்து இருவர். பெரும்பான்மைப்படி விகிதசமத்தையே கோப்பில் இடுகிறேன். இயல்பகலத்தைக் கருத்துரையில் பதிந்து வைக்கிறேன். அடுத்த வெளியீட்டின்போது மீண்டும் கேட்பேன்.