புதுப்பிப்பு: எருக்குவியல் சாரை முட்டையிட்டாயிற்று

எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் உள்ள எருக்குவியலில் வயிறு பெருத்த சாரை ஒன்று புகுந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். அடிக்கச் சொன்னவர்களும் உண்டு, பெட்டியில் போட்டு வளர்க்கச் சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் செய்யவில்லை.

இப்போது முட்டையிட்டுவிட்டது. சாணத்தை லேசாக விலக்கிப் பார்த்தால் வெள்ளையாய், தோல் போல மெத்தென்ற முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கோழி முட்டை மாதிரி இவற்றைப் புரட்டக் கூடாது. கரு மேல்பக்க ஓட்டோடு ஒட்டி வளரும், திருப்பினால் செத்துப்போகலாம். அப்படியே மூடிவிட்டேன்.

இலங்கை மலைநாட்டு ஹப்புத்தளைக் குளிரில் ஏன் இங்கே வந்தது என்று கேட்ட அண்ணனுக்கு: மக்கும் சாணம் சூடு தரும், ஈரமும் நிற்கும். வெளிநாட்டில் சோளப்பாம்பு (விஷமில்லாத ஒரு செல்லப் பாம்பு) வளர்ப்பவர்கள் பெட்டைக்கு ஈரப்பாசி நிரப்பிய மூடிய டப்பா வைப்பதும் இதற்குத்தான். தோதான இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு பெட்டை சாகவும் கூடும். அவர்கள் முட்டைகளை 27, 28 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2 மாதம் வைக்கிறார்கள். நம்ம சாரைக்கு அந்தக் கணக்கெல்லாம் சாணம் பார்த்துக்கொள்ளும்.

மரக்கறிப் பாத்திக்கு எரு வேண்டும் என்று அம்மா முணுமுணுக்கிறார். சரி, இப்போதைக்கு மறுபக்கத்திலிருந்து அள்ளுகிறோம். குட்டிகள் வந்தால் படம் போடுகிறேன்.