புடு கடைவீட்டில் அந்தச் சனிக்கிழமை

2011-இல் வீட்டுக்காரரின் வேலைக்காகக் கோலாலம்பூரில் இருந்தோம், பிரிக்பீல்ட்ஸில். அங்கே எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. செந்தூலில் இருந்த ஒரு அக்கா சொல்லி, புடு பக்கம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் நடந்த படிப்பு மையத்துக்குப் போய்க் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். சம்பளம் இல்லை. பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டதே போதுமாக இருந்தது.

எல்லாரும் பர்மாவின் சின் மாநிலத்திலிருந்து அகதிகளாக வந்த பிள்ளைகள். நம் மிசோரமை ஒட்டிய மலைநாடு அது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை. அதனால் இவர்களுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தால் கொஞ்சம் தைரியம். அட்டை வராதவர்களை அப்போது குடிநுழைவுத் துறைக்காரர்களோ ரேலா தொண்டர் படையோ சோதனைக்கு வந்தால் அள்ளிக்கொண்டு போய்விடலாம். அப்பாவை அப்படிக் கூட்டிப்போனதைப் பார்த்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இரண்டு பேர்.

அந்த ஜூலையில் ஊர் முழுக்கப் பெர்சே பேச்சுதான். பெர்சே என்றால் மலாயில் சுத்தம்; அந்தப் பெயரில் ஒரு அமைப்பு. தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்று எட்டுக் கோரிக்கைகள். நம் ஊரில் ஓட்டுப் போட்டதும் விரலில் வைப்பார்களே, அந்த அழியாத மை, அதுவும் அவற்றில் ஒன்று. நமக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒரு சொட்டு மைக்காக இங்கே மக்கள் தெருவில் இறங்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மனசு கனத்தது. முன்னால் நின்றவர் வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசன். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் அவர் பெயரைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு, பயந்து குரலைத் தாழ்த்தியவர்களும் உண்டு. ஜூலை 1-ஆம் தேதியே பெர்சேயைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்துவிட்டார்கள். மஞ்சள் சட்டை போட்டதற்கே ஆட்களைப் பிடித்தார்கள்.

பேரணி ஜூலை 9, சனிக்கிழமை. அக்கா வெள்ளிக்கிழமை போன் செய்தார். "ராத்திரியோட ரோட்டெல்லாம் மூடிருவாங்க தங்கச்சி. நாளைக்கு நானே வர முடியுமோ என்னவோ. நீங்க இப்பவே போயி அங்க தங்குறீங்களா? பிள்ளைங்களோட அப்பா அம்மா நெறைய பேரு சாப்பாட்டுக் கடையில வேலை செய்றவங்க, ராத்திரி போனா திரும்பி வர முடியாம மாட்டிக்குவாங்க." வீட்டுக்காரருக்குத் துளியும் மனமில்லை. இருந்தாலும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அக்கா இன்னும் ஒன்று சொன்னார்: "நீங்க வெளிநாட்டுக்காரவங்க. ஜன்னல்கிட்டப் போயி படம் கிடம் எடுத்துராதீங்க. ஒங்களுக்குன்னு இல்ல, அந்தப் பிள்ளைங்களுக்காகச் சொல்றேன்."

ஆக அங்கே நான், ஒரு சின் ஆசிரியர், பதினான்கு பிள்ளைகள்.

மத்தியானம் வரை அமைதி. அப்புறம் தூரத்தில் முழக்கம் கேட்டது, அது நெருங்கி நெருங்கி வந்தது. பிள்ளைகளிடம் என்ன சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எல்லாரிலும் பெரியவள், பன்னிரண்டு வயது இருக்கும், எழுந்து போய் வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் உள்ளே எடுத்து வந்தாள். ஒரு ஜோடி விடவில்லை. வேறொருவன் மின்விசிறியையும் விளக்கையும் அணைத்தான். சின்னதுகள் தாமாகவே சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டன. யாரும் அழவில்லை, யாரும் பேசவில்லை. "தியாம்", அதாவது மலாயில் "சத்தம் போடாதே", என்று அதட்டக்கூட அவசியம் இல்லை. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

கண்ணீர்ப் புகைக்குண்டு வெடிக்கிற சத்தம், பிறகு கொட்டு கொட்டென்று மழை. ஜன்னல் இடுக்கு வழியாகக் காரம் உள்ளே வந்தது. மிளகாய் வறுக்கும்போது தொண்டையில் ஏறுமே, அதைப் போல, ஆனால் கண்ணைத் திறக்க விடாது. துண்டுகளை நனைத்துக் கொடுத்தோம்.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். இரும்புக் கிரில்லைத் தட்டினார்கள். ஒரு குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டது. வெளியே இருந்து தமிழ்க்குரல்: "அம்மா, யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் தண்ணி..."

என் மொழி. உடனே எழுந்துவிட்டேன். பெரியவள் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். உட்கார்ந்துவிட்டேன். உதவி கேட்டு வந்தவரை விடுவதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கதவு திறந்து ஏதாவது ஆனால் மாட்டப்போவது நான் இல்லை. என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, விசா இருக்கிறது. ஆசிரியரைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மரக்கதவை மட்டும் திறந்தார். கிரில் பூட்டியபடியே இருந்தது.

வெளியே அறுபது வயதுப் பெரியவர், உடம்பெல்லாம் நனைந்து, கண் சிவந்து நின்றார். கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தலையாட்டின அந்தப் பெண்ணே அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பைத் தாளில் மடித்து வந்து கொடுத்தாள். புகைக்கு நாக்கில் உப்பு வைத்தால் நல்லது என்று அப்போது ஊரே பேசிக்கொண்டிருந்தது.

பெரியவர் தண்ணீர் குடித்துக்கொண்டே உள்ளே பார்த்தார். இருட்டில் வரிசையாகப் பிள்ளைகள், சுவரோரம் செருப்புக் குவியல். சட்டென்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பூட்டிக்கிடுங்கம்மா. நான் மேல வந்ததே யாருக்கும் தெரிய வேணாம். கீழ கிரில்லை நான் இழுத்து விட்டுட்டுப் போறேன்." ஈரக் காலடி படியில் இறங்கிப் போனது. கீழே இரும்பு இழுபடும் சத்தம் கேட்ட பிறகுதான் ஆசிரியர் மரக்கதவைச் சாத்தினார்.

அன்றைக்கு 1,600 பேருக்கு மேல் பிடித்தார்கள் என்று பிறகு செய்தியில் படித்தேன். அந்தப் பெரியவர் அதில் இருந்தாரா, வீடு போய்ச் சேர்ந்தாரா, இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். 2013 பொதுத் தேர்தலில் அந்த மையைக் கொண்டுவந்தார்கள். கழுவினால் போய்விடுகிறது என்று புகார் கிளம்பியபோதும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் ரோடு திறந்ததும் அக்கா இரண்டு கையிலும் ரொட்டி சானாய்ப் பொட்டலங்களோடு மேலே ஏறி வந்தார். "பிள்ளைங்க பசியாறுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பெண் மட்டும் ஜன்னல் வழியாகத் தெருவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, செருப்புகளை ஜோடி ஜோடியாக வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.