ஏர் ஃப்ரையரில் மீனும் பச்சைக் காய்களும்: பூச்சு எப்போது ஏற வேண்டும்?

ஏர் ஃப்ரையரில் மீன் செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட வரிசை முக்கியம். தேனும் சோயா சாஸும் கலந்த பூச்சு மீன்மேல் எப்போது ஏறுகிறது, காய் எப்போது கூடைக்குள் போகிறது என்ற இரண்டும் சரியாக அமைந்தால், டிகிரியில் பத்து முன்னே பின்னே இருந்தாலும் மீன் நன்றாகவே வரும்.

காரணம் அந்தக் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. 2010இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஏர் ஃப்ரையரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று எத்தனையோ வடிவங்கள் வந்துவிட்டன. ஆனாலும் மேலே ஒரு விசிறி, அதன் கீழே வெப்பச் சுருள், அதற்கும் கீழே துளையிட்ட கூடை என்பதுதான் பெரும்பாலானவற்றின் அமைப்பு. சூடான காற்று வேகமாகச் சுழன்று உணவின் மேலுள்ள ஈரத்தை முதலில் விரட்டுகிறது. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை சிவக்கவும் செய்யாது. ஆகவே மீனைக் கழுவியதும் தாளால் நன்றாக ஒற்றி எடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் மீன் வெந்தும் வெளுத்துப் போய்க் கிடக்கிறது.

பூச்சின் கதை இதற்கு நேர்மாறானது. தேனில் ஃப்ரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை நிறைய இருக்கிறது. அது சுமார் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். வெள்ளைச் சர்க்கரைக்கு ஏறக்குறைய 160 டிகிரி வேண்டும். நாம் வைக்கும் சூடோ 190 அல்லது 200. தொடக்கத்திலேயே தேனைப் பூசி உள்ளே வைத்தால், மீனின் நடுப்பகுதி வேகும் முன்பே மேல்பகுதி கருகிக் கசந்துவிடும். பல குறிப்புகளில் மீனைப் பூச்சில் ஊற வைத்து அப்படியே கூடையில் வைக்கச் சொல்கிறார்கள். அடுப்பு மேல் வாணலிக்கு அது ஒருவேளை சரிப்படலாம். ஏர் ஃப்ரையருக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

நான் செய்யும் முறை இது. இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள சால்மன் துண்டுகளில் உப்பும் சில சொட்டு எண்ணெயும் மட்டும் தடவி, தோல் கீழே இருக்கும்படி 190 டிகிரியில் ஆறு நிமிடம் வைக்கிறேன். அந்த நேரத்தில் சின்னப் பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி தேன், துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்க விடுகிறேன். பாத்திரத்தை விட்டு நகராமல் குமிழிகளைப் பாருங்கள். முதலில் பெரிதாக எழும்பிப் பட்டென்று உடையும். நீர் வற்ற வற்ற அவை சிறுத்து, நெருங்கி, மெதுவாக உடையத் தொடங்கும். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் இறக்கும் பதம். இன்னும் விட்டால் ஆறியதும் மிட்டாய்ப் பாகுபோல் இறுகிவிடும், பிரஷ்ஷில் வராது.

ஆறு நிமிடம் முடிந்ததும் கூடையை இழுத்து முதல் பூச்சு. இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு. அதன்பின் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பூச்சு மேலே சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரிந்து ஓரங்களில் மட்டும் கருஞ்சிவப்பாகும்போது வெளியே எடுக்கிறேன். சதையிலிருந்து வெள்ளையாகக் கட்டிக் கட்டியாக ஏதோ கசிந்தால் பயப்பட வேண்டாம். அது மீனின் புரதம். சூடு அதிகமாகும்போது அது மிகுதியாக வெளியேறும். வேக வைப்பதற்கு முன் மீனைப் பத்து நிமிடம் உப்புநீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் வெகுவாகக் குறையும். வெந்ததா என்ற சந்தேகம் இருந்தால் வெப்பமானியைத் துண்டின் கனமான இடத்தில் குத்திப் பாருங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை மீனுக்குச் சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 63 டிகிரி.

பச்சைக் காய்களைப் பற்றி எனக்கு அதிக அக்கறை உண்டு, ஏனென்றால் அவற்றைத்தான் எல்லோரும் பலி கொடுக்கிறார்கள். சூடு பட்டதும் ப்ரோக்கோலியும் பீன்ஸும் முதலில் இன்னும் பச்சையாகும். திசுக்களுக்கிடையே இருந்த காற்று வெளியேறுவதால் நிறம் தெளிந்து தெரிகிறது. பல நிமிடங்கள் தாண்டியதும் காயின் சொந்த அமிலமே பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடுகிறது. பச்சை மங்கி, பழுப்புக் கலந்த ஒலிவ நிறம் வருகிறது. எலுமிச்சையும் வினிகரும் இதை விரைவுபடுத்தும். எனவே புளிப்பு எதுவானாலும் தட்டில் வைத்த பிறகு பிழியுங்கள், கூடைக்குள் வேண்டாம்.

பீன்ஸுக்கு எட்டு நிமிடம் வேண்டியிருப்பதால் அது மீனோடு சேர்ந்தே தொடங்கும். அஸ்பாரகஸ் மெல்லியதாக இருந்தால் மூன்றாவது நிமிடத்தில் சேரும். ப்ரோக்கோலியும் அப்படித்தான். ஆனால் அதன் பூமுனைகள் தண்டைவிட மிகச் சீக்கிரம் கருகும். பூக்களை எண்ணெயில் புரட்டியபின் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிடுவேன். தெளித்த நீர் ஆவியாகும்வரை முனைகள் தாக்குப்பிடிக்கும், அதற்குள் தண்டு இளகிவிடும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். மெல்லிய வெள்ளை மீன்களில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் குறிப்பாகத் தெரிந்துகொள்ள ஆவல்.

மறுமொழி

நான் காட் மீனில்தான் செய்கிறேன். சால்மனைப்போல் கொழுப்பு கிடையாது, ஆகவே ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது ஏடு ஏடாகப் பிரியும். கூடையிலும் எண்ணெய் தடவுகிறேன், மீனிலும் தடவுகிறேன். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு மொத்தம் ஆறு நிமிடமே போதும் என்பதால் பூச்சை ஒரே தடவைதான் போடுகிறேன், நான்காவது நிமிடத்தில். சதை மென்மையாக இருப்பதால் பிரஷ்ஷால் தேய்க்காமல் கரண்டியால் ஊற்றிப் பரப்புவது நல்லது.

துளையிட்ட பேக்கிங் தாள் இதற்குப் பெரும் உதவி. ஆனால் ஓர் எச்சரிக்கை. முன்சூடு செய்யும்போது வெறும் தாளைப் போடவே கூடாது. அண்ணன் வீட்டில் அப்படிப் போட்ட தாள் காற்றில் எழும்பிச் சுருளில் போய் ஒட்டியது. ஓரம் கருகி வீடெல்லாம் தாள் எரிந்த வாடை. நல்லவேளையாக உடனே நிறுத்திவிட்டார்கள். மீனை வைக்கும்போதுதான் தாளும் உள்ளே போக வேண்டும், மீனின் எடை அதை அழுத்திப் பிடிக்கும்.

மறுமொழி

உறைந்த மீன் வாங்குபவர்களுக்காக ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலரும் கவனிப்பதில்லை. காற்று நீக்கி அடைத்த உறையில் வரும் மீனை உறையோடு உருக விடாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் போட்டுலிசக் கிருமி குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் நஞ்சை உண்டாக்கக்கூடும். உறையைப் பிரித்து, தட்டில் வைத்து, மூடி, பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் தட்டில் தேங்கியிருக்கும் நீரைப் பார்த்தால், நேராகக் கூடையில் போட்ட உறைமீன் ஏன் சிவக்காமல் போகிறது என்று புரிந்துவிடும்.

மறுமொழி

அப்பாவுக்கு இரத்த அழுத்தம். மீன் அவருக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னார், ஆனால் இந்தப் பூச்சின் உப்பு எனக்கு உறுத்தலாகவே இருந்தது. சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 2000 மில்லிகிராமுக்குக் கீழ். உங்கள் அளவுப்படி இரண்டு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால், பூச்சு முழுவதையும் பயன்படுத்தினால் அவருடைய பங்கில் பாதி நாள் கணக்கு முடிந்துவிடுகிறது.

நான் இப்போது ஆரஞ்சுச் சாறு அரைக் கோப்பையைக் கால் பங்காகச் சுண்ட வைத்து, அதில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் மட்டும் விடுகிறேன். இஞ்சியை இரட்டிப்பாக்குகிறேன், மிளகு சேர்க்கிறேன். தேன் வேண்டியதே இல்லை, சாற்றின் சர்க்கரையே பளபளப்பைத் தருகிறது. மீனில் தனியாக உப்புத் தடவுவதில்லை. அப்பா முதல் வாயை மென்றுவிட்டு, "இதில் உப்பு இருக்கிறதா?" என்று கேட்டார். குறைவாக இருக்கிறது என்றேன். "போதுமே" என்று சொல்லிவிட்டு பீன்ஸை முதலில் காலி செய்தார். அவர் காய்களைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

மறுமொழி

பசலைக் கீரை, கேல் போன்றவற்றை எப்படிச் செய்கிறீர்கள்? எனக்கு இலைகள் பறக்கின்றன. பூச்சு சொட்டிக் கீழ்த்தட்டில் புகைவதும் தொல்லையாக இருக்கிறது. நான்கு பேருக்குச் செய்யும்போது இந்த வரிசை எப்படி வரும் என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி (முதலில் எழுதியவர்)

ஆரஞ்சுச் சாறு யோசனைக்கு மனமார்ந்த நன்றி. அடுத்த முறை எங்கள் வீட்டிலும் அதுதான்.

இலைகளுக்கு: பசலையைக் கூடையில் போடாதீர்கள், அது வாணலிக்கே உரியது. கேலை எண்ணெய் பூசிக் கையால் நன்றாகப் பிசைந்து, இலை துவண்டபின் மீன் துண்டுகளின் அடியில் விரித்துவிடலாம். மேலே எடை இருப்பதால் பறக்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள் மட்டும் மொறுமொறுப்பாகும், அது சுவையாகவே இருக்கும்.

புகைக்கு: பூச்சு போடுவதற்கு முன் கூடையின் கீழ்த்தட்டில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள், உங்கள் கருவியின் கையேடு தடுக்காதபட்சத்தில். சொட்டும் தேன் தண்ணீரில் கரைந்துவிடும், கழுவுவதும் எளிது. ஒட்டியதைச் சுரண்டக் கம்பி நார் வேண்டாம். வெந்நீரும் சோப்பும் ஊற்றி அரை மணி ஊற வைத்தால் தானே விட்டுவிடும். இன்னொன்று, அழுத்தக் குப்பிகளில் வரும் எண்ணெய்த் தெளிப்பான்களில் பெரும்பாலும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் இருக்கும். அது சூட்டில் பிசினாகி ஒட்டாப் பூச்சைப் பாழாக்கும். வெறும் எண்ணெயைப் பிரஷ்ஷால் தடவுவதே போதும்.

நான்கு பேருக்கு என்றால் நெருக்கி அடுக்காதீர்கள். துண்டுகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி இல்லாவிட்டால் காற்று புகாது, மீன் ஆவியில்தான் வேகும். காய்களை முதலில் தனியாக முக்கால் பதம் வேக வைத்து எடுத்து, மூடாமல் தட்டில் பரப்பி வையுங்கள். மூடினால் சொந்த ஆவியிலேயே வெந்து நிறம் போய்விடும். பிறகு மீனை இரண்டு தவணையாகச் செய்யுங்கள். முதல் தவணைக்கு ஒரு பூச்சு மட்டும் போட்டு வெளியே எடுத்துவிடலாம். இரண்டாவது தவணையும் முடிந்து தட்டுக்குப் போனதும், காய்களைக் கூடையில் கொட்டி, முதல் தவணை மீனை அதன் மேல் வைத்து, இரண்டாவது பூச்சோடு இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். மீனிலிருந்து வழியும் பூச்சு காய்களிலும் படும். பச்சை மீனைத் தொட்ட பிரஷ்ஷைப் பூச்சுப் பாத்திரத்தில் விடாமல், தட்டில் ஊற்றிக்கொள்ளக் கொஞ்சம் பூச்சை முன்கூட்டியே தனியாக எடுத்து வையுங்கள்.