அப்டேட்: எங்க யுனிவர்சிட்டி ரேங்க் புலம்பல்

போன மாசம் இங்க புலம்பியிருந்தேன்ல, சென்னை ஓஎம்ஆர் ரோடு பக்கம் நான் வேலை பாக்குற டீம்டு யுனிவர்சிட்டில (நிகர்நிலைப் பல்கலை) ரேங்க் ஏத்தணும்னு வாத்தியாருங்க ஆளுக்கு வருஷத்துக்கு நாலு ரிசர்ச் பேப்பர்னு தலைல கட்டிட்டாங்கன்னு, அதோட தொடர்ச்சி.

நீங்க சொன்னபடி என்ஐஆர்எஃப் (காலேஜ், யுனிவர்சிட்டிகளுக்கு மத்திய அரசு போடுற ரேங்க் பட்டியல்) மார்க் கணக்க பிரிண்ட் எடுத்துட்டு டீன் சார்கிட்ட போனேன். 100-ல ரிசர்ச்சுக்கு 30தான் சார், டீச்சிங், வசதிக்கும் அதே 30, ஒரு வாத்தியாருக்கு எத்தன பசங்கங்கறதும் அதுல வருது, காலியா கிடக்குற போஸ்ட்டுக்கு ஆள் எடுங்கன்னேன். மனுஷன் கேட்டுக்கிட்டாரு, ரெண்டு டிபார்ட்மெண்ட்ல இன்டர்வியூ நடக்குது! நாலு பேப்பர் ரூல் மட்டும் அப்படியேதான் இருக்கு.

நல்ல பசங்க வர்றதுதான் இடிக்குது. 200க்கு 190க்கு மேல கட்ஆஃப் வச்சவன் அரசு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடின்னு அண்ணா யுனிவர்சிட்டி காலேஜுக்கு போயிடுறான், நாங்க அந்த கவுன்சிலிங்லயே கிடையாது. அட்மிஷன் டெஸ்க்ல ஒரு அம்மா ரேங்க்க பத்தி வாயே திறக்கல, "போன வருஷம் முடிச்ச பசங்க நம்பர் குடுங்க சார், நானே பேசிக்கிறேன்"னாங்க. (நான் முழிச்சேன்.)

ரோட்டோர ஹோர்டிங் விளம்பரத்துக்கு போடுற காசுல பாதிய ஸ்காலர்ஷிப்பா குடுக்கலாம்னு இங்க ஒருத்தர் சொன்னத மீட்டிங்ல வச்சேன், ஃபைல் ஃபைனான்ஸ்ல தூங்குது. எழுந்தா சொல்றேன்.