[கலைச்சொல்] ‘ரீலோடிங் டை’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ம. எழுதியது:
நண்பர்களே, வணக்கம். அமெரிக்கக் காணொளி ஒன்றுக்கு வெள்ளிக்குள் தமிழ் வசனவரி தர வேண்டும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்ப உதவும் ‘டை’களில், இப்போது அதிகம் புழங்காத தோட்டா ரகங்களுக்கானவற்றை எப்படி விலை மதித்து விற்பது என்பதுதான் பொருள். திரையில் இரண்டே வரிக்கு இடம். ‘மறுநிரப்பு வார்ப்பச்சு’ என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

செ. எழுதியது:
‘வார்ப்பு’ கூடாது. இங்கே யாரும் எதையும் உருக்கி ஊற்றவில்லை. சுட்டதும் கூடு, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு விரிந்துவிடும். மசகு தடவி முதல் அச்சுக்குள் செலுத்தினால் பழைய அளவுக்கு ஒடுங்கும். அச்சின் நடுவிலுள்ள ஊசி, கூட்டின் அடியில் தீ மூட்டும் பழைய கேப்பைத் தள்ளிவிடும். வெடிமருந்து நிரப்பிய பின் அடுத்த அச்சு குண்டைக் கழுத்தில் உட்கார வைக்கும். முன்னது ஒடுக்கச்சு, பின்னது பொருத்தச்சு. கழுத்தில்லாத நேர்க்கூட்டுக்கு வாயை விரிக்க மூன்றாவதும் உண்டு. பொதுப்பெயர் ‘அச்சு’ போதும். முறுக்கு அச்சு தெரிந்த எவருக்கும் புரியும்.

த. எழுதியது:
அச்சு வண்டிக்கும் உண்டு, புத்தகத்துக்கும் உண்டு. செங்கல் அறுப்பவர் கையில் இருப்பது ‘கட்டளை’. நல்ல தமிழ்ச்சொல் இருக்க ஏன் தயக்கம்? ‘தோட்டா’வையும் உருதுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். பழத்தின் தோல் தோடு, காதில் அணிவதும் தோடு. உள்ளே ஒன்றை வைத்து மூடுவது தோடு. அதிலிருந்து தோட்டா.

செ. எழுதியது:
ஐயா, ‘அரிய கட்டளைகள் விற்பனைக்கு’ என்று திரையில் ஓடினால் கோயில் கட்டளையை ஏலம் விடுகிறார்கள் என்பார்கள். காதுத்தோடு எதை மூடுகிறது என்பதையும் விளக்குங்கள். இந்தியில் ‘டோட்டா’ என்றால் துப்பாக்கி ரவைதான். அங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

க. எழுதியது:
பொதுப்பெயரில் சண்டை போடுவதால் பெரிய நட்டமில்லை. காசு போகிற இடம் ‘காலிபர்’. அதைக் ‘குழல்விட்டம்’ என்று பெயர்த்தால் வாங்குபவர் ஏமாறுவார். .303 சாவேஜ், .303 பிரிட்டிஷ் என்ற இரண்டு தோட்டாக்களிலும் எண் ஒன்றே, கூடு வேறு. 25-20 சிங்கிள் ஷாட் நீண்டு மெலிந்தது. 25-20 வின்செஸ்டர் 32-20 கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. ஒன்றின் அச்சு மற்றதற்கு உதவாது. வெறும் ‘25-20’ என்று போட்டு விற்றால் பெட்டி திரும்பி வரும். அதனால் ‘தோட்டா வகை’ என்றே எழுதுங்கள்.

பெட்டிமேல் உள்ள ஒட்டுச்சீட்டை நம்பக்கூடாது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு அச்சின் உடம்பிலும் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். ஒடுக்கச்சு ஒரு வகைக்கும் பொருத்தச்சு வேறு வகைக்குமாகக் கலந்து கிடக்கும் பெட்டிகள் நிறைய. ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் அச்சுகளில், செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஜோடி ஒன்றாக வாங்கியதா என்று அதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஒடுக்கச்சு இல்லாமல் பொருத்தச்சு மட்டும் இருந்தால் விலையில் பெரும்பகுதி போயிற்று.

மரையும் பார்க்க வேண்டும். 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரையும் இருந்தால் அச்சை மாட்டி அழுத்தும் பிரஸ்களில் பெரும்பாலானவற்றில் ஏறும். லைமன் 310 கைக்கருவியின் அச்சு சிறிது, ஏறாது; அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

வெளியில் துரு இருந்தால் எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் போதும். உள்ளே குழி விழுந்திருந்தால் கூட்டின்மேல் நீளக் கீறல் விழும், அதற்கு மருந்தில்லை. விளக்கொளியில் உள்பக்கத்தைப் படமெடுத்துப் போடுவதே நேர்மை.

ம. எழுதியது:
க. அம்மா, மிக்க நன்றி. கூடு சிக்கிய அச்சு என்று ஒரு காட்சி வருகிறது. ‘அடைத்த அச்சு’ என்றால் சரியா?

க. எழுதியது:
‘கூடு சிக்கிய அச்சு’ என்றே வையுங்கள். மசகு போதாமல் நேர்வது அது. ஊசித்தண்டை முடிந்தவரை மேலே தள்ளிவிட்டு, கூட்டின் அடியில் துளையிட்டு, 1/4-20 மரை வெட்டி, போல்ட் போட்டு இழுப்பார்கள். உள்பக்கம் கீறாமல் வந்தால் அச்சு பிழைத்தது. ஊசியும் கழுத்து விரிக்கும் குமிழும் தொலைந்திருந்தால் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். தண்டின் மரை ஆளுக்கொரு அளவு, மூடிப்போன கம்பெனியின் உதிரி எளிதில் அகப்படாது.

‘அரிய’ என்ற சொல்லிலும் கவனம். அரியதெல்லாம் விலை போகாது. அந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் இருந்தால்தான் கிராக்கி. ஏலத்தளத்தில் கேட்கும் விலையைப் பார்க்காமல், முடிந்த ஏலங்களின் விலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒஹாயோவின் சி.எச்.4டி போன்றவர்கள் வழக்கொழிந்த வகைகளுக்கும் புதிதாகச் செய்து தருகிறார்கள். புதியதன் விலையும் காத்திருக்கும் காலமுமே பழையதற்கு உச்சவரம்பு.

த. எழுதியது:
கம்பெனித் தோட்டாவின் கூட்டைத் தனியாட்கள் தம் விருப்பப்படி வடிவம் மாற்றிச் செய்யும் ‘வைல்ட்கேட்’ என்று ஒரு வகை வருமே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? ‘காட்டுப்பூனைத் தோட்டா’வா? ‘வெருகு’ என்ற சொல் இருக்கிறது. ‘மூங்கா வெருகெலி மூவரி அணிலொடு’ என்று தொல்காப்பிய மரபியல் அவற்றின் இளமைக்குக் குட்டி என்று பெயர் தருகிறது. தாய்க் கூட்டிலிருந்து பிறந்ததால் குட்டி என்பதும் பொருந்தும்!

செ. எழுதியது:
ரசித்தேன். வசனவரி படிப்பவர் வெருகங்கிழங்கை நினைப்பார்.

க. எழுதியது:
‘தனிவடிவத் தோட்டா’ என்று வைக்கலாம். பொருளும் அதுதான். 219 டொனால்ட்சன் வாஸ்ப் பல வடிவங்களில் இருந்தது. ஒருவர் துப்பாக்கிக்குச் செய்த அச்சு இன்னொருவருக்குப் பொருந்தும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்தத் துப்பாக்கியில் சுட்ட கூடு ஒன்றை அச்சோடு சேர்த்து விற்றால் வாங்குபவர் அளந்து பார்த்துக்கொள்வார்.

ம. எழுதியது:
அச்சு, ஒடுக்கச்சு, பொருத்தச்சு, தோட்டா வகை, தனிவடிவத் தோட்டா. நேரமாகிவிட்டது, இவற்றோடு அனுப்புகிறேன். ‘வெருகு’ ஓரிடத்தில் அடைப்புக்குறிக்குள் வைத்துப் பார்த்தேன். வரி மூன்றாகிவிட்டது, எடுத்துவிட்டேன்.

த. எழுதியது:
வரி மூன்றானதற்கு ‘தனிவடிவத் தோட்டா’தான் காரணம். ‘வெருகு’ மூன்றே எழுத்து. தோடு பற்றியும் இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.